முதல் வாடகை வீடு: என் அனுபவம் இது, உங்களுடையதையும் சொல்லுங்கள்

2018 டிசம்பரில் சென்னை மடிப்பாக்கத்தில் வாடகைக்கு விடுவதற்காகவே ஒரு பழைய ஃபிளாட் வாங்கினேன். 820 சதுர அடி, இரண்டாம் மாடி, விலை 43 லட்சம். வில்லங்கச் சான்று (வீட்டின் மேல் அடமானம் ஏதும் உண்டா என்று காட்டுவது), தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), பிரிக்கப்படாத மனைப்பங்கு (ஃபிளாட்டுக்குச் சேரும் நிலப் பங்கு) எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்தேன். அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். அதற்கே நாலே முக்கால் லட்சம் போனது. (2023இல் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள்.) வாடகை 13,000. கடன் தவணை 26,500. வாடகை பாதித் தவணையைத்தான் கட்டும் என்று தெரிந்தேதான் இறங்கினேன். மீதியைச் சம்பளத்தில் சமாளிக்கலாம் என்பது கணக்கு.

நான் பார்க்காமல் விட்டது தண்ணீரை. வீடு பார்க்கப் போனது மழை முடிந்த டிசம்பரில். கிணற்றில் தண்ணீர் தளும்பியது. அடுத்த கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவுக்கு அப்போது மெட்ரோ வாட்டர் குழாய் வரவில்லை, போர்வெல் காற்றைத்தான் இறைத்தது. லாரித் தண்ணீர் கேட்டால் ஒரு வாரம் கழித்து வரும், அதுவும் 5,000 ரூபாய்க்கு. வாடகைக்கு இருந்தவர்கள் அறுபது வயதைத் தாண்டிய தம்பதி. அந்த அம்மா குடத்தோடு இரண்டு மாடி ஏறுவதை ஒருநாள் நேரில் பார்த்தேன். ஜூனில் காலி செய்கிறோம் என்றார்கள். அவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்து மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. தவணையும் மெயின்டனன்ஸும் நிற்கவில்லை. திருப்பித் தர வேண்டிய பத்து மாத அட்வான்ஸ் 1,30,000 ரூபாயை நான் பத்திரச் செலவில் போட்டிருந்தேன். மச்சானிடம் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தேன்.

இரண்டாவது வீட்டை மே மாதத்தில் போய்ப் பார்த்தேன். புரோக்கரை அனுப்பிவிட்டு, கீழே இஸ்திரி போடும் அண்ணனிடம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். எந்த மாதத்தில் லாரி வருகிறது, எந்த வீட்டில் ஆள் நிலைப்பதில்லை, அசோசியேஷனில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பத்திரத்தில் இல்லாத விஷயங்கள் இவை. இப்போதும் வீடு வாங்கப் போகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து வந்த பதில்:

வணக்கம் அண்ணா. என்னுடையது லைன் வீடு, ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய ஆறு போர்ஷன். ஒன்று காலியானாலும் ஐந்து வீட்டு வாடகை வருமே என்று துணிந்து கட்டினேன். ஆனால் ஆறிலும் இருந்தவர்கள் பனியன் கம்பெனி ஆட்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்பெனிகள் மூட, இரண்டு மாதத்துக்குள் நாலு குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. மீதி இரண்டு பேரிடம் வாடகை கேட்க மனசு வரவில்லை, கேட்கவும் இல்லை. வீடு ஆறு என்றாலும் எல்லாருக்கும் சோறு போட்டது ஒரே தொழில் என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஒன்று. முதலில் மூன்று போர்ஷனுக்கு ஒரு கழிப்பறைதான் கட்டியிருந்தேன். அதனாலேயே வருஷத்துக்கு இரண்டு குடும்பமாவது மாறும். கடன் வாங்கி வீட்டுக்கு ஒன்றாகக் கட்டினேன், கரண்ட் சர்வீசையும் தனித்தனியாக வாங்கிக் கொடுத்தேன். இப்போது ஒரு குடும்பம் ஐந்தாவது வருஷமாக இருக்கிறது.

திருச்சியிலிருந்து வந்த பதில்:

அண்ணா, அட்வான்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கணவர் ஞாபகம்தான் வந்தது. எங்கள் மாடி வீட்டை 5 லட்சத்துக்குப் போக்கியத்துக்கு விட்டோம். மாத வாடகை கிடையாது, மொத்தமாகப் பணம் கைக்கு வருகிறது, காலி செய்யும்போது திருப்பிக் கொடுத்தால் போதும், நல்லதுதானே என்று நினைத்தோம். அந்தப் பணத்தில் கார் வாங்கினார். மூன்று வருஷம் முடிந்து குடியிருந்தவர்கள் பணம் கேட்டபோது என் வளையல்கள் அடகுக்குப் போயின.

அதன்பிறகு மாத வாடகைக்குத்தான் விடுகிறோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவும் செய்தோம். வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அந்தச் சட்டம். நாங்கள் மூன்று மாதம்தான் வாங்கினோம். அதை அன்றைக்கே வைப்புநிதியில் போட்டுவிட்டேன். ரசீது வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் இருக்கிறது, சாவி என்னிடம்.