உதகையில் முதல் வாடகை வீடு: மின் இணைப்பும் காஸ் இணைப்பும்

கேள்வி (கல்லூரி மாணவி, உதகமண்டலம்)

வணக்கம். நாங்கள் மூவரும் சமவெளியிலிருந்து வந்து உதகையில் படிக்கிறோம். விடுதியை விட்டு, பிங்கர்போஸ்ட் பக்கம் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். அடுத்த வாரம் பால் காய்ச்சுகிறோம். முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் ஒரே மின் இணைப்புதான் என்றும், எங்கள் பகுதிக்கென வைத்த உள்மீட்டரில் ஓடும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வீதம் தர வேண்டும் என்றும் வீட்டுக்காரர் சொல்கிறார். வெளிநாட்டில் படிக்கும் என் அக்கா, அங்கே வாடகைக்கு இருப்பவர்களே மின் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். இங்கே அதற்கு வழியுண்டா? காஸ் இணைப்புக்கு என்ன செய்வது?

பதில் (வயரிங் வேலை செய்பவர், குன்னூர்)

தங்கைக்கு, இங்கே வீடுகளுக்கு மின்சாரம் தருவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஒன்றுதான். அதனால் நிறுவனத்தை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த ஒற்றை இணைப்பைப் பற்றித்தான். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்கு உரிய சலுகை. இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் அந்த 100 யூனிட்டையும் பங்கிட வேண்டியதாகிறது. அதைவிடப் பெரிய அடி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும்போது விழுகிறது, ஏனெனில் அப்போது கட்டண அடுக்கே மாறி, 500-க்கு உட்பட்ட யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை வந்துவிடும்.

பின்பகுதிக்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால், தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கும்படி வீட்டுக்காரரிடம் பணிவாகக் கேளுங்கள். அதுவரை பத்து ரூபாய் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் விலையைத் தருவதாகப் பேசுங்கள்.

உறைபனிக் காலத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2,000 வாட் ரூம் ஹீட்டர் இரவில் நான்கு மணி நேரம் ஓடினால் 8 யூனிட்; அறுபது நாளில் 480 யூனிட். மூவரும் குளிக்க அதே திறனுள்ள கீசர் தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடினால் இன்னும் 180 யூனிட். நீங்கள் மட்டுமே 500-ஐத் தாண்டிவிடுவீர்கள். மின்கம்பளி 100 வாட் அளவில்தான் இழுக்கும். இரவு முழுவதும் போட்டாலும் ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். கீசரையும் ஹீட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள். கருகி உருகிய பிளக்குகளை ஒவ்வொரு டிசம்பரிலும் நான் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

பதில் (இல்லத்தரசி, கோத்தகிரி)

மகளே, நீ கேட்ட மாற்றும் உரிமை காஸில் உண்டு. ஏஜென்சியின் சேவை பிடிக்காவிட்டால் அதே பகுதியில் உள்ள வேறு ஏஜென்சிக்கு இணைப்பை மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் ஓரிரு ஆண்டுகளே இருக்கப்போகும் உங்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் போதும் என்பது என் எண்ணம். அதற்கு முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். கிலோவுக்கு விலை கூடுதல்தான். 14.2 கிலோ சிலிண்டர்தான் வேண்டுமென்றால் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி ஒருவர் பெயரில் எடுங்கள். காலி செய்யும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பப் பெற, இணைப்பு எடுக்கும்போது தந்த ரசீது வேண்டும்.

உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும், காஸ்தான் தீரும். குக்கர் இல்லாமல் குடிபுகாதீர்கள். விடியற்காலையில் தீ சிறுத்து எரிந்தால் அது குளிரால் வருவது. சிலிண்டரைச் சூடுபடுத்த முயலவே கூடாது.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு உறங்காதீர்கள். திருமணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் நான் அப்படிச் செய்தேன். நள்ளிரவில் தலை பிளக்கும் வலியோடு விழித்து, தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்தேன். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டுக்காரர் பில்லைக் காட்டச் சம்மதித்துவிட்டார். தனி இணைப்பைப் பற்றிப் பொங்கலுக்குப் பிறகு பேசலாம் என்கிறார். சாவி வாங்கியவுடன் உள்மீட்டரைப் படமெடுத்து, 4817 என்ற எண்ணை அவருக்கும் அனுப்பி, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுவிட்டோம். கரியடுப்பு வாங்கும் எண்ணத்தையும் விட்டுவிட்டோம், அம்மா.