10 வாரக் குழந்தைக்குச் சளி, அக்குளில் 99.9. நாளை மறுநாள் தடுப்பூசி, போடலாமா தள்ளலாமா?

அரைத்தூக்கம் (கேள்வி):

பையனுக்கு இன்றோடு 10 வாரம். நிறைமாதத்தில் பிறந்தவன், போன வாரம் எடை 5 கிலோ. இரண்டு நாளாகச் சளி. மூக்கில் கொர்கொர் சத்தம், பால் குடிக்கும்போது நடுவில் விட்டுவிட்டு அழுகிறான். நெற்றி சுட்ட மாதிரி இருந்ததால் டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தேன். முதலில் 99.1 காட்டியது, பத்து நிமிஷம் கழித்து 99.9. எதை நம்புவது? நாளை மறுநாள் தடுப்பூசியும் செக்கப்பும் இருக்கிறது, தள்ளிப் போட வேண்டுமா? வீட்டில் பாராசிட்டமால் டிராப்ஸ் ஒன்று, சிரப் ஒன்று இருக்கின்றன. எதை, எவ்வளவு கொடுப்பது?

மூன்றாம்_ஷிப்ட்:

முதலில் இரண்டு பாட்டிலையும் அலமாரியில் வைத்துவிடுங்கள். 3 மாதம் முடியாத குழந்தைக்கு, மருத்துவர் பார்ப்பதற்கு முன் நாமாகப் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. இந்த வயதில் சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் கிருமியோ, மூளைக்காய்ச்சலோ இருந்தாலும் வெளியே தெரிகிற ஒரே அடையாளம் ஜுரமாக இருக்கலாம். அதை மருந்தால் இறக்கிவிட்டுக் கொண்டுபோனால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

சரியான அளவு எடுக்க: போர்வை, சாக்ஸ், தொப்பி எல்லாவற்றையும் கழற்றி ஒரே ஒரு மெல்லிய சட்டையோடு 15 நிமிஷம் விடுங்கள். நன்றாகச் சுற்றி வைத்தாலே தோலின் சூடு ஏறிவிடும். குளிப்பாட்டியதும், பால் கொடுத்ததும், அழுது ஓய்ந்ததும் உடனே பார்க்காதீர்கள். அக்குளைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். தெர்மாமீட்டர் முனை அக்குள் குழியின் நடுவில் தோலைத் தொட வேண்டும், துணி குறுக்கே வரக் கூடாது. கையை விலாவோடு சேர்த்துப் பிடித்து, பீப் அடிக்கும் வரை விடாதீர்கள். முனை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குறைத்துத்தான் காட்டும். உங்களுடைய 99.1 அப்படி வந்ததாக இருக்கலாம்.

அக்குள் அளவு உடம்பின் உள்சூட்டைவிடக் குறைவாகவே வரும். அதனால் 99.9 (37.7°செ) இந்த வயதில் "பரவாயில்லை" என்று விடுகிற எண் கிடையாது. ஆசனவாயில் பார்த்து 100.4 (38°செ) வந்தால் அன்றே, நடுராத்திரியாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பார்க்கத் தெரிந்தால் முனையில் வாசலின் தடவி, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகாமல் பார்க்கலாம். பயமாக இருந்தால் வீட்டில் முயற்சி வேண்டாம். அக்குளில் மறுபடியும் 99.5 தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சூடு இறங்கிப்போவதும் ஆபத்துதான். அக்குளில் 95.9-க்கு (35.5°செ) கீழே போய், குழந்தை சோர்ந்து கிடந்தால் அதுவும் அவசரம்.

மூச்சுக்கணக்கு:

கொர்கொர் சத்தத்தைவிட மூச்சின் எண்ணிக்கை முக்கியம். தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு எழுவதை ஒன்று, இரண்டு என்று முழு 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள். பிஞ்சுக் குழந்தைகள் நாலைந்து முறை வேகமாக விட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார்கள், பெருக்கினால் கணக்கு தப்பும். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. உங்கள் பையனுக்கு எல்லை 50.

எண்ணும்போதே விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, மூச்சு விடும்போது முனகுகிறானா என்றும் பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலே அன்றே காட்ட வேண்டும். உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தாலோ, மூச்சு 20 வினாடி நின்றாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். போனில் அரை நிமிஷ வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் முன்னால் போனதும் குழந்தை அழகாகச் சிரித்துக்கொண்டிருக்கும், வீடியோதான் பேசும்.

மூக்கடைப்புக்கு 0.9% உப்புநீர் சொட்டு (சலைன்) போதும். மல்லாக்கப் படுக்க வைத்து ஒவ்வொரு துவாரத்திலும் 2 சொட்டு, ஒரு நிமிஷம் பொறுங்கள். பிறகு உறிஞ்சும் பல்பை வெளியிலேயே நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே முனையை மூக்கு வாசலில் வைத்து, மெல்ல விடுங்கள். உள்ளே வைத்துவிட்டு அமுக்கினால் சளி இன்னும் மேலே போகும், நிறையப் பேர் செய்கிற தப்பு இது. பால் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு செய்தால் குடிக்கும்போது விட்டுவிட்டு அழுவது குறையும். ஒரு நாளில் மூன்று நாலு தடவைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உள்பக்கம் வீங்கி, அடைப்பு அதிகமாகும். ஒவ்வொரு முறையும் பல்புக்குள் சோப்பு வெந்நீர் இழுத்துப் பீய்ச்சிக் கழுவி, முனை கீழே பார்க்க உலர வைக்க வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

சளியோடு இருமலும் சேர்ந்தால் அது பெரும்பாலும் வைரஸ்தான். நுரையீரலின் சின்னக் குழாய்களுக்கு இறங்கினால் 3 முதல் 5-ஆம் நாளில்தான் உச்சத்தில் இருக்கும். உங்களுக்கு இப்போது இரண்டாம் நாள். இன்று நன்றாக இருக்கிறானே என்று மூச்சை எண்ணிப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

வாசல்படி:

ஆவி காட்டினால் சளி இளகும் இல்லையா? நெஞ்சில் தைலமும் லேசாகத் தடவலாமே.

மூச்சுக்கணக்கு:

இரண்டும் வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரம் பக்கத்தில் இருந்தாலே சூட்டுக்காயத்துக்கு வாய்ப்பு. கற்பூரமும் மென்தாலும் உள்ள தைலம் 2 வயதுக்குள் கூடாது, மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும். சளி இருமல் சிரப்புகளும் பெரியவர்களின் மூக்குச் சொட்டும் அப்படியே. தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். மூச்சு எளிதாகட்டும் என்று தலையணை வைத்தோ சாய்வு நாற்காலியிலோ தூங்க வைக்கவும் வேண்டாம். தலை நிற்காத குழந்தைக்குத் தாடை நெஞ்சில் மடிந்து மூச்சுவழி அடைபடும். தட்டையான படுக்கையில் மல்லாக்கத்தான்.

அரைத்தூக்கம்:

நன்றி. சொன்னபடி கழற்றிவிட்டு 15 நிமிஷம் கழித்துப் பார்த்தேன்: 98.8. ஒரு மணி நேரம் கழித்து 98.6. மூச்சு 44, குழி விழவில்லை. சிறுநீர் சரியாகப் போகிறானா என்றுதான் தெரியவில்லை, டயப்பர் தொட்டால் உலர்ந்தே இருக்கிறது.

மூன்றாம்_ஷிப்ட்:

இந்த எண்கள் நன்றாகவே இருக்கின்றன. ராத்திரி நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள், சூடாகத் தோன்றினால் உடனே. டயப்பரில் உள்ள ஜெல் ஈரத்தை விழுங்கிவிடும், தொட்டால் தெரியாது. புது டயப்பரில் 45 மி.லி. தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள், நனைந்த டயப்பரின் கனம் பிடிபடும். சந்தேகம் என்றால் உள்ளே ஒரு டிஷ்யூ வையுங்கள். ஒரு நாளில் 6 நனைந்தால் நிம்மதி. 8 மணி நேரம் ஒன்றுமே இல்லை, அல்லது வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை என்றால் காட்ட வேண்டும். பால் கக்குவது வேறு. பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள், குடல் அடைப்பாக இருக்கலாம்.

சிரிஞ்ச்_கோடு:

இனி பாட்டில் விஷயம். மருத்துவர் கொடுக்கச் சொன்னால், அளவு வயதை வைத்து வராது, எடையை வைத்து: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 5 கிலோவுக்கு 50 முதல் 75 மி.கி. இப்போது இரண்டு லேபிளையும் படியுங்கள். டிராப்ஸில் 1 மி.லி.யில் 100 மி.கி. என்று இருந்தால் 0.5 முதல் 0.75 மி.லி. போதும். சிரப்பில் 5 மி.லி.யில் 120 மி.கி. என்று இருந்தால் அதே அளவுக்கு 2 முதல் 3 மி.லி. வேண்டும்.

தூக்கக் கலக்கத்தில் சிரப்பின் 2.5 மி.லி. கணக்கை டிராப்ஸ் பாட்டிலில் இருந்து எடுத்தால் 250 மி.கி. உள்ளே போய்விடும். கிலோவுக்கு 50 மி.கி., அதாவது உச்ச வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதனால் ஒரே ஒரு பாட்டில் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சொட்டு எண்ணாதீர்கள், ஒவ்வொரு பாட்டிலின் சொட்டும் ஒவ்வொரு அளவு. சமையலறைக் கரண்டியும் வேண்டாம். 1 மி.லி. வாய்வழி சிரிஞ்சில் எடுத்து, தொண்டையை நோக்கிப் பீய்ச்சாமல் கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விடுங்கள். கொடுத்த நேரத்தை எழுதி வையுங்கள். 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. ஐபுப்ரோஃபென் 6 மாதத்துக்கு முன் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கே கூடாது.

பச்சை_அட்டை:

தடுப்பூசி: ஜுரம் இல்லாத வெறும் சளி தள்ளிப் போடக் காரணம் ஆகாது. 100.4 தொட்டாலோ மூச்சு சரியில்லை என்றாலோ ஊசி பிறகு, முதலில் குழந்தையைப் பார்க்க வேண்டும். அப்படித் தள்ளினாலும் முதல் டோஸில் இருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வாய்வழி ரோட்டா வைரஸ் மருந்தின் முதல் டோஸுக்கு வயது வரம்பு உண்டு, காரணமில்லாமல் வாரக்கணக்கில் இழுக்காதீர்கள். குறைமாதக் குழந்தை என்றாலும் ஊசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. வளர்ச்சியை மதிப்பிடும்போதுதான் திருத்திய வயது (பிறந்திருக்க வேண்டிய தேதியில் இருந்து எண்ணும் வயது).

ஊசி தொடையின் முன்-வெளிப்பக்கம் போடுவார்கள், அதனால் சுலபமாகக் கழற்றும் உடையாகப் போடுங்கள். ஊசிக்குச் சற்று முன் தொடங்கி, போடும்போதும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தால் அழுகை குறையும். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். ஈரத் துணி வைக்கலாம், வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடியும். ஊசி ஜுரம் வந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இந்த வயதில் எந்த அளவு வந்தால் என்ன செய்வது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் நிற்காமல் கதறினாலோ துவண்டு கிடந்தாலோ ஊசி ஜுரம்தானே என்று இருக்கக் கூடாது.

செக்கப்பில் எடையை டயப்பர் இல்லாமல் போடச் சொல்லுங்கள். நனைந்த டயப்பரே ஒரு வார எடையைப் பொய்யாக்கிவிடும், ஏனென்றால் முதல் 3 மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம்தான் ஏறும். தலைச் சுற்றளவையும் சேர்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு புள்ளியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, போன மாதக் கோட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தொடையை விரித்து இடுப்பு மூட்டையும், கண்ணில் சிவப்பு ஒளி தெரிகிறதா என்றும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பிளாஷ் போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் படத்தையே காட்டுங்கள். காது கேட்கும் சோதனை இன்னும் ஆகவில்லை என்றால் அன்றே தேதி வாங்கிவிடுங்கள்.

அரைத்தூக்கம்:

டிராப்ஸ் 100, சிரப் 120 தான். சிரப்பை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டேன். ராத்திரி 2 மணிக்கு 98.7, மூச்சு 42. டிஷ்யூ நனைந்திருந்தது.