எம்ஜிபி காரில் சிபி பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன்

கேள்வி: 1965ஆம் ஆண்டு எம்ஜிபி காரின் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பகுதி) சிபி பாயிண்டுகளை (காயிலுக்கான மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) நீக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூல் பொருத்த விரும்புகிறேன். கவனிக்க வேண்டியவை யாவை?

பதில் 1: முதலில் எர்த்தை, அதாவது பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்துள்ளது என்பதைப் பாருங்கள். அந்த ஆண்டுக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைக்கப்பட்டிருந்தது; பின்னாளில் யாரேனும் அதை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே அதற்கேற்ற மாட்யூலை வாங்குங்கள். முனை மாறினால் மாட்யூல் எரிந்துவிடக்கூடும்.

பதில் 2: அதைவிட முக்கியமானது டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும் என்பது என் உறுதியான கருத்து. தண்டு ஆடினாலோ, மையவிலக்கு அட்வான்ஸ் (எஞ்சின் வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்கூட்டியே வரச் செய்யும் அமைப்பு) ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தாலோ, அந்த அட்வான்ஸை எந்த மாட்யூலும் சரிசெய்யாது. அவை நன்றாக இருந்தால், 0.015 அங்குல இடைவெளி வைத்த பாயிண்டுகளே இந்த எஞ்சினுக்குப் போதும்.

பதில் 3: பொருத்துவதானால், காயிலின் (ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள்) ரெசிஸ்டன்ஸ் மாட்யூல் தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவுக்குக் குறையக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆன் நிலையில் விடாதீர்கள். கழற்றிய பாயிண்டுகளையும் கண்டன்சரையும் காரிலேயே வைத்திருங்கள்.