எலும்பு கூடி வருகிறது, ஆள் தேறவில்லை: யாரைப் பார்ப்பது?

கேள்வி:
அண்ணனுக்கு பைக் விபத்தில் கால் முறிந்து, பிளேட் வைத்து ஏழு வாரம் ஆகிறது. லாரி ஹாரன் கேட்டாலே உடம்பு வெடவெடக்கிறது, ராத்திரி அலறி எழுகிறார். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? ஊர் பாபநாசம் பக்கம்.

பதில் 1:
வேண்டாங்க. அல்பிரசோலம் வகை தூக்க மாத்திரை பழகிவிடும், இதைக் குணமாக்கவும் செய்யாது. ஒரு மாதம் தாண்டியும் இப்படி என்றால் மனநல மருத்துவர்தான் பார்க்கணும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். வலிக்கு டிரமடால் ஓடினால் கட்டாயம் சொல்லுங்க. மனநல மருத்துவர் இதற்கு வழக்கமாகத் தரும் செர்ட்ராலின் மாத்திரையோடு சேர்ந்தால் வலிப்பு வரலாம். தலையில் அடிபட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்க.

பதில் 2:
செர்ட்ராலின் பொதுவாக 25 அல்லது 50 மி.கி.யில் தொடங்கும். முதல் வாரம் குமட்டல், படபடப்பு இருக்கலாம். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம். பத்தாம் நாளே 'கேக்கலை' என்று நிறுத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விபத்து நினைவை மையமாக வைத்த பேச்சு சிகிச்சையும் கேளுங்கள், வழக்கமாக வாரம் ஒன்றாக 8 முதல் 12 அமர்வு. பயந்த கோளாறு என்று தாயத்து கட்டினால் கட்டிக்கொள்ளட்டும், ஓ.பி. தேதியை மட்டும் தள்ளாதீர்கள்.

பதில் 3:
சாகணும் என்று பேசினால் தனியே விடாதீங்க, உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்க. ராத்திரியில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்: இலவசம், தமிழிலேயே பேசலாம். நஷ்டஈடு வழக்கு இருந்தால் மனநல ஓ.பி. சீட்டு நகலும் வக்கீலிடம் போகட்டும்.