"ஓகே." னு புள்ளி வச்சா கோவமா இருக்கேன்னு அர்த்தமா?

எனக்கு 38 வயசு. டீம்ல புதுசா சேந்த பையன் லீவு கேட்டு வாட்ஸ்அப் பண்ணினான், "ஓகே." னு போட்டுட்டு மீட்டிங் போயிட்டேன். வந்து பாத்தா "அண்ணா கோவமா?", "வேணும்னா லீவு எடுக்கல"ன்னு ரெண்டு மெசேஜ், நடுவுல ஒண்ணு டெலீட் பண்ணிருக்கான் வேற. வாக்கியம் முடிஞ்சா புள்ளி வைக்கணும்னு தானே சொல்லிக்குடுத்தாங்க, இதுல என்னங்க கோவம்?

பதில் 1:
அண்ணா எனக்கு 22. நாங்க சென்ட் தட்டினாலே வாக்கியம் முடிஞ்சிடுச்சு, அதுக்கு மேல ஒருத்தர் மெனக்கெட்டு புள்ளி வச்சா முகத்துல அடிச்சா மாதிரி கதவ சாத்துறாங்கன்னு தான் தோணும். "ஓகே" சாதா, "ஓகேஏஏ" குஷி, "ம்ம்" னா கேட்டுட்டு தான் இருக்கேன் சொல்லு, வெறும் "ம்" னா ஆள விடு. ஒரு ம் குறைஞ்சதுக்கு நானும் என் ஃப்ரெண்டும் ரெண்டு நாள் பேசல, கடைசில பாத்தா அவ பஸ்ல கம்பிய புடிச்சுட்டு ஒத்த கையில டைப் பண்ணிருக்கா 🤦

பதில் 2:
இது நிஜமாவே ஆராய்ச்சி பண்ணின விஷயம். 2015ல அமெரிக்காவுல பிங்காம்டன் யுனிவர்சிட்டில 126 ஸ்டூடண்ட்ஸ் கிட்ட பாத்தாங்க, ஒரு வார்த்தை பதில் புள்ளியோட டெக்ஸ்ட்ல வந்தா மனசார சொல்லலங்கிற மாதிரி பட்டிருக்கு. அதையே கையால எழுதின சீட்டா காட்டினப்போ புள்ளி இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணு தான். குரலும் முகமும் இல்லாத இடத்துல புள்ளி தான் முகம் போல.

பதில் 3:
புள்ளிய விடுங்க பாஸ், ப்ளூ டிக்க என்ன பண்றது? ஆஃப் பண்ணி வச்சா அடுத்தவங்க படிச்சாங்களான்னு நமக்கும் தெரியாது, சரி போகட்டும்னு விட்டேன். ஆனா வாய்ஸ் நோட்டுக்கு அந்த செட்டிங் செல்லாது, கேட்டா மைக் ப்ளூவாகிடும், அது தெரியாம "இன்னும் கேக்கலடா"ன்னு அடிச்சு விட்டு மானம் போச்சு. குரூப்லயும் அதே கதை தான்.

கேள்வி கேட்டவர்:
பையனுக்கு "ஓகேப்பா போயிட்டு வா" னு அனுப்பிட்டேன், ஹார்ட் போட்டான். அதே ஜோர்ல வீட்டம்மாவுக்கும் "ஓகேஏஏ" னு ஒண்ணு தட்டினேன், உடனே கால் வருது, "யாரு உங்க ஃபோன வச்சிருக்கிறது?"