வேம்புக்குப் பட்டை போனால் ஆபத்து, தென்னைக்கு வெட்டு விழுந்தால் ஒன்றுமில்லையா?

கிணத்துமேடு:
எங்கள் வரப்பு வேம்பில் யாரோ அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டார்கள். இலையெல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மரம் தேறாது என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். அருகிலேயே நிற்கும் தென்னையில் ஏறுவதற்காக உச்சிவரை படி வெட்டியிருக்கிறோம், அது பாட்டுக்குக் காய்க்கிறது. ஏன் இப்படி?

வேர்க்கால்:
பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேம்பில் தண்ணீர் ஏறுவது கட்டைக்குள் இருக்கும் சைலம் வழியாக. இலையில் தயாராகும் சர்க்கரை இறங்குவது பட்டையின் உள்பக்கம் உள்ள புளோயம் வழியாக. கட்டை அப்படியே இருப்பதால் இலைக்குத் தண்ணீர் போகிறது, பட்டினி கிடப்பது வேர்தான். சேர்த்து வைத்த மாவுச்சத்து தீரும்வரை தாங்கும், அப்புறம் மேலேயும் காய ஆரம்பிக்கும். 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிவியலாளர் மார்செல்லோ மால்பிகி இப்படிப் பட்டையை வளையமாக எடுத்து, வெட்டுக்கு மேலே மரம் வீங்குவதைப் பார்த்தார். கொய்யாவில் விண்பதியன் (மரத்திலிருக்கும் கிளையிலேயே பட்டையை வளையமாக எடுத்து வேர் பிடிக்க வைப்பது) போடும்போது வளையத்துக்கு மேல்பக்கம் வேர் விடுகிறதே, சர்க்கரையும் வளர்ச்சி ஹார்மோனும் அங்கே தேங்குவதால்தான்.

தென்னை ஒருவித்திலைத் தாவரம். சைலமும் புளோயமும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும், படி வெட்டினால் சில கற்றைகள்தான் அறும். அதற்காக வெட்டிக்கொண்டே போகாதீர்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுத் திசுவை வளர்க்கும் கேம்பியம் என்ற அடுக்கு தென்னையில் இல்லாததால் அந்தக் காயம் மூடவே மூடாது, சிவப்புக் கூன்வண்டுக்கு அதுதான் வாசல்.

கிணத்துமேடு:
சரி, மோட்டாரே இல்லாமல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது?

பனங்காடு:
தண்ணீரை மேலிருந்து இழுப்பது இலை. இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாக ஆவியாக, ஒன்றையொன்று பிடித்திருக்கும் நீர் மூலக்கூறுகள் சைலத்தில் வேர்வரை இழுபடுகின்றன. வாயால் உறிஞ்சுவது போன்ற வேலை இல்லை இது, உறிஞ்சு பம்பு 10 மீட்டர் தாண்டாது. இது 1894இல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரண்டு அறிவியலாளர்கள் சொன்ன விளக்கம். புளோயம் நேர்மாறு, அங்கே நடப்பது தள்ளல். சர்க்கரை ஏறிய குழாய்க்குள் பக்கத்திலிருந்து தண்ணீர் புகுந்து அழுத்தம் கூடுகிறது. பனையில் பாளையைச் சீவினால் சொட்டுகிற பதநீர் அந்தப் புளோயம் சாறுதான்.

வேர்க்கால்:
உங்கள் வேம்பை இன்னும் கைவிட வேண்டாம். உரித்த இடத்துக்குக் கீழே தளிர் வந்தால் ஒடிக்காமல் விடுங்கள், அந்த இலைகள் வேருக்குச் சோறு போடும். அவசரமென்றால் அதே மரத்தின் இளங்கொப்புகளை வெட்டி, தலைகீழாகிவிடாமல், இரு முனையையும் மேல் பட்டைக்குள்ளும் கீழ்ப் பட்டைக்குள்ளும் செருகிக் கட்டிப் பாருங்கள். உரித்து நாளாகிவிட்டால் அது ஒட்டாது.