புதுப்பிப்பு: மூன்று மையங்களில் கல்லீரல் கொழுப்பு அளவு ஒத்துவராத சிக்கல் தீர்ந்தது

ஒரே ஃபேன்டமை (ஆளுக்குப் பதிலாக ஸ்கேன் செய்யும், கொழுப்பு கலந்த குப்பிகள் கொண்ட சோதனை மாதிரி) மூன்று மையங்களின் 3 டெஸ்லா எம்ஆர்ஐயிலும் வைத்தோம், ஒரு மையம் மட்டும் கொழுப்பு விகிதத்தைக் கூட்டியே காட்டுகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஃப்ளிப் கோணத்தை (ரேடியோ துடிப்பு உள்ளே இருக்கும் காந்தத்தன்மையைச் சாய்க்கும் கோணம்) பாருங்கள் என்றவர்தான் சரியாகப் பிடித்தார். அங்கே 10 டிகிரி, மற்ற இரண்டிலும் 3; கொழுப்பின் டி1 (சாய்ந்தபின் பழைய நிலைக்கு மீள எடுக்கும் நேரம்) நீரைவிடக் குறைவு என்பதால் கோணம் கூடினால் கொழுப்பின் சிக்னல் தூக்கலாகிவிடும். 3 ஆக்கியதும் ஒத்துவந்தது. காயிலை (சிக்னலை வாங்கும் ஆன்டெனா) மாற்றியது பலிக்கவில்லை.

அப்புறம், எதிர்பாராத ஒன்று: இரவெல்லாம் ஏசியில் கிடந்து சில்லிட்ட குப்பிகளைக் காலையில் எடுத்த கையோடு ஸ்கேன் செய்தால் மறுபடி இடித்தது. நீரின் அதிர்வெண் ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.01 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நகரும், கொழுப்பினுடையது அப்படி நகராது; இரண்டையும் பிரிப்பதே அந்த அதிர்வெண் இடைவெளியை வைத்துத்தான் என்பதால் கணக்கு தப்பிவிடும். இப்போது வெப்பநிலையைக் குறித்த பிறகே ஸ்கேன்.